டெக்டானிக்ஸ் எனும் தச்சியல்

முதுநிலைக் கட்டடக்கலைப் படிப்பின் கோட்பாட்டுத் தாள்களில் திரும்பத் திரும்ப வருவதும், தமிழில் எழுதும்போது திரும்பத் திரும்பப் பிழைபடுவதுமான சொல் டெக்டானிக்ஸ். 'கட்டுமானவியல்' என்று எழுதினால் சிமென்ட், கம்பி, தளம் போடும் முறை என்று பொருள் போய்விடுகிறது. 'கட்டமைப்பு' என்றால் பாரக் கணக்கு ஆகிவிடுகிறது. புவித்தட்டுகளின் நகர்வைப் பேசும் நிலவியல் பாடத்திலும் இதே சொல் உண்டு. வேர் ஒன்று, துறை வேறு. கட்டடக் கோட்பாட்டில் இதன் பொருள்: உறுப்புகள் எப்படிக் கூடி நிற்கின்றன என்பதைக் கட்டடமே கண்ணுக்குப் புரியும்படி காட்டுவது. இதற்கு நாங்கள் முன்வைக்கும் சொல் தச்சியல்.

கிரேக்கத்தில் டெக்டான் என்றால் மரவேலைக்காரர். வடமொழியில் அது தக்ஷன். பிராகிருதம் வழியே தமிழுக்கு வந்து தச்சன் ஆனது. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆகவே தச்சியல் என்பது மொழிபெயர்ப்புகூட இல்லை, உறவுச்சொல். வந்த சொல்தானே என்று தள்ள முடியாது. 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன்' என்று புறநானூற்றில் (87) ஔவையார் பாடும் அளவுக்கு அது அன்றே தமிழில் ஊறிவிட்டது. மணிமேகலையில் யவனத் தச்சர் தண்டமிழ் வினைஞரோடு சேர்ந்து மண்டபம் அமைக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லைப் பிரித்தால் ஆர்க்கி, டெக்டான்: தலைமைத் தச்சர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அதே பொறுப்பில் இருந்தவரை இராசராசப் பெருந்தச்சன் என்கிறது. குமரி மாவட்டப் பேச்சில் மூத்தாசாரி.

சொல்லைக் கோட்பாடாக்கியவர்கள் ஜெர்மானியர். கார்ல் பொட்டிகர் 1844 முதல் வெளியிட்ட கிரேக்கக் கோயில் ஆய்வில், பாரம் தாங்கும் கருவடிவம், அதை உணர்த்தும் கலைவடிவம் என்று இரண்டாகப் பிரித்தார். கோட்ஃப்ரீட் செம்பர் 1851இல் கட்டடத்தை அடுப்பு, மேடை, கூரைச் சட்டகம், மறைப்பு என நான்காக்கி, கூரையைத் தச்சுக்கும் மேடையைக் கல்வேலைக்கும் மறைப்பை நெசவுக்கும் உரியதாக வைத்தார். 1960களில் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் எட்வர்ட் செக்லர் கட்டமைப்பு, கட்டுமானம், தச்சியல் மூன்றையும் தெளிவாகப் பிரித்தார். இன்றைய வகுப்பறைகளுக்கு இதைக் கொண்டுவந்தது கட்டடக்கலை விமர்சகர் கென்னத் பிராம்ப்டனின் 1995ஆம் ஆண்டு நூல்.

செக்லரின் பிரிப்பைப் புரிந்துகொள்ள, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ளது போன்ற மரக்கூரையை அண்ணாந்து பார்ப்பது நல்லது. கைமரத்தை இந்தப் பக்கம் கழுக்கோல் என்பார்கள். மூலைப்பகுதியில் கழுக்கோல்கள் விசிறிபோல் விரியும். ஒவ்வொன்றிலும் துளையிட்டு, அத்தனையையும் ஊடுருவிக் கிடைமட்டமாக ஒரு மரச்சட்டத்தைக் கோக்கிறார்கள். நேராக இறங்கும் கழுக்கோலில் துளையும் நேராக விழும். மூலையை நெருங்க நெருங்கத் துளையின் சாய்வு மாறிக்கொண்டே போகும். ஒரு துளை தப்பினாலும் சட்டம் அங்கேயே முட்டி நிற்கும். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் பின்னால் சுருங்கி மூட்டு இளகும். இங்கே பாரம் கழுக்கோல் வழியாக உத்தரத்துக்கும் அதிலிருந்து சுவருக்கும் இறங்குவது கட்டமைப்பு. தேக்கையோ அயினியையோ அறுத்து, துளைத்து, கோப்பது கட்டுமானம். கீழே நிற்பவருக்கு எது எதைத் தாங்குகிறது என்று அந்தக் கோப்பு சொல்லிவிடுகிறதே, அதுதான் தச்சியல்.

இதன் எதிர்ச்சொல்லாக வருவது ஸ்டீரியோடாமிக்ஸ்: திண்மையான கனத்தை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது. இதை அடுக்கியல் எனலாம். கடல் நடுப் பாறையில் 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக, வெட்டிய கற்களை அடுக்கி எழுப்பிய திருவள்ளுவர் சிலை இதற்குக் கண்முன் நிற்கும் சான்று.

ஆய்வேடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மரம் என்றால் தச்சியல், கல் என்றால் அடுக்கியல் என்று கட்டும் பொருளை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். அதே அரண்மனை வளாகத்தின் நவராத்திரி மண்டபம் கல்லால் ஆனது. ஆனால் தூண் நிறுத்தி, மேலே உத்தரம் ஏற்றிய அமைப்பு. பொருள் கல், கூட்டும் முறை தச்சு. கிரேக்கக் கல்கோயிலை வைத்துப் பொட்டிகர் தச்சியல் பேசியதும் இதனால்தான். பிரிக்க வேண்டியது சேரும் விதத்தை வைத்து.

இன்னொரு சறுக்கல், தச்சியலை 'உண்மை பேசுதல்' என்று சுருக்குவது. சரிந்த கான்கிரீட் தளத்தின் மேல் ஓடு ஒட்டி, அடியில் மரநிறம் பூசிய போலிக் கழுக்கோல் வைக்கும் வீடுகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பிராம்ப்டன் வழியில் இது வெறும் காட்சியமைப்பு. ஆனால் செம்பருக்கு மறைப்பும் கட்டடத்தின் அடிப்படை உறுப்பு, போர்த்துவதே குற்றமில்லை. போர்வை உள்ளிருப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். போலிக் கழுக்கோல் எதையும் தாங்கவில்லை, தளம் எப்படி நிற்கிறது என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் எழுதிக் காட்டிய பிறகே தீர்ப்பு நிற்கும்.

தச்சியல் என்று ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுமுன் அதன் மூட்டுகளில் ஒன்றையாவது 1:5 அளவில் வெட்டுத்தோற்றமாக வரையுங்கள். முகப்புப் புகைப்படம் போதாது. மூட்டு அதில் தெரியாது. வரைந்ததில் மூட்டு இருந்தும் கட்டடத்தில் அது கண்ணுக்குப் படவில்லை என்றால், செக்லர் அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்: ஏடெக்டானிக். பிரசல்ஸில் யோசஃப் ஹாஃப்மன் கட்டிய ஸ்டோக்லே மாளிகையைப் பற்றி எழுதும்போது, பாரமும் தாங்கலும் பார்வையிலிருந்து மறைந்துபோகும் நிலைக்கு அவர் அச்சொல்லை ஆண்டார். தமிழில் அதைத் தச்சு மறைவு எனலாம்.