அரசியல் சரித்தன்மை அல்ல, அவை நாகரிகம்

அமெரிக்கா பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. “அரசியல் சரித்தன்மை காரணமாகப் பள்ளிகளில் மத விடுமுறைகளின் பெயர்கள் நீக்கப்படுகின்றன” என்றார் அறிவிப்பாளர். பக்கத்தில் இருந்த அண்ணி, “அங்கே எந்தக் கட்சி இதைச் செய்யுது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தவறு? ‘அரசியல்’ என்றால் நமக்குக் கட்சியும் தேர்தலும்தான். இந்தச் சொல்லாக்கத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மூலச்சொல் ‘பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்’. 1793-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் ஒரு தீர்ப்பில், விருந்துகளில் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள்’ என்று வாழ்த்தாமல் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்று மட்டும் வாழ்த்துவது ‘பொலிட்டிக்கலி கரெக்ட்’ அல்ல என்று எழுதினார். அங்கே ‘அரசியல்’ பொருந்தும். பின்னாளில் இடதுசாரிகளிடம் அது கட்சி வழிக்கு இசைந்து நடப்பதைக் குறித்தது. 1990-களின் தொடக்கத்தில் எதிராளியைச் சாடும் சொல்லாயிற்று; 1991-இல் அதிபர் மூத்த புஷ்கூட மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் அதைக் கண்டித்தார். இன்றைய பொருள்: ஒரு பிரிவினரைப் புண்படுத்தும் அல்லது ஒதுக்கும் பேச்சையும் செயலையும் தவிர்த்தல்.

இந்தப் பொருளில் அரசியல் எங்கே இருக்கிறது? ‘சரித்தன்மை’தான் எங்கே இருக்கிறது? கணக்குச் சரி, விடை சரி என்போம். பிறர் மனம் நோகாமல் பேசுவதைச் ‘சரி’ என்பதில்லை, ‘தகும்’ என்போம். ‘அரசியல் சரிநிலை’ என்று மாற்றிப் போட்டாலும் குறை அதேதான். சிலர் ‘இடக்கரடக்கல்’ என்கிறார்கள். நன்னூல் சொல்லும் இடக்கரடக்கல், வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. ‘கால் கழுவி வந்தான்’ என்பதைப் போல. கிறிஸ்துமஸ் என்ன, கூசிச் சொல்ல வேண்டிய சொல்லா? ஆனால் தேடும் திசை நல்ல திசை. “அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்” என்கிறது தொல்காப்பியம். அவைக்குத் தகாத சொல் என்ற கருத்து நம்மிடம் அத்தனை பழையது. ஊர்ப் பேச்சிலும் ‘சபை நாகரிகம் கருதி விடுகிறேன்’ என்கிறோம். ஆகவே ‘அவை நாகரிகம்’ என்பேன். அளவு மீறினால் ‘போலி அவை நாகரிகம்’. ‘நாகரிகம்’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். “நயத்தக்க நாகரிகம்” என்று குறளே சொல்லும்போது எனக்குத் தயக்கமில்லை. கேட்டவுடன் புரிகிறதா என்பதே என் முதல் கேள்வி.

‘மத விடுமுறை’ இன்னும் மோசம். ‘ஹாலிடே’ என்பதே ‘புனித நாள்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடம் அச்சாக அதே பொருளில் ‘திருநாள்’ இருக்கிறது. அதை விட்டுவிட்டு, வேலைக்குப் போகாத நாளைக் குறிக்கும் சொல்லை எடுத்து மதத்தோடு ஒட்டவைக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. எது நடந்தாலும் ‘அரசியல் சரித்தன்மை’ என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மாண்ட்கமரி மாவட்டத்தில் யூதத் திருநாளைப் போல ஈத் பெருநாளும் பள்ளி நாட்காட்டியில் இடம்பெற வேண்டும் என்று முஸ்லிம் பெற்றோர் கேட்டார்கள். 2014 நவம்பரில் பள்ளி வாரியம் எல்லாத் திருநாள்களின் பெயர்களையுமே அடுத்த கல்வியாண்டு நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யூதரின் யோம் கிப்பூர் எல்லாம் போயின. விடுப்பு மட்டும் இருந்தது. நியூயார்க் நகரமோ 2015-இல் இரண்டு ஈத் பெருநாள்களையும் பள்ளி விடுமுறைகளில் சேர்த்தது. 2023-இல் மாநிலச் சட்டம் வழியாக அந்நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறையும் கிடைத்தது. ஒன்று பெயரை அழித்தது, மற்றது பெயரைச் சேர்த்தது. இரண்டுக்கும் ‘அரசியல் சரித்தன்மை’ என்று எழுதினால் வாசகருக்கு என்ன விளங்கும்? நியூயார்க் செய்ததை அவை நாகரிகம் என்று தயங்காமல் எழுதலாம். மேரிலாந்து செய்திக்குக் கலைச்சொல்லே வேண்டாம்: “ஒரு சமயத்தார் தங்கள் திருநாளையும் சேர்க்கச் சொன்னார்கள், வாரியம் எல்லாருடைய திருநாள் பெயரையும் நீக்கிவிட்டது.” இப்படிச் சொல்லியிருந்தால் அண்ணி கட்சியைத் தேடியிருக்க மாட்டார்.