டூம்ஸ்டோன்: தமிழில் நீக்கக்குறி

கசாண்ட்ரா போன்ற பரவல் தரவுத்தளத்தில் ஒரு வரிசையை டெலிட் செய்தால் அது உடனே போய்விடாது. வட்டில் எழுதி முடித்த தரவுக் கோப்பைத் திருத்தும் வழக்கமே அங்கே கிடையாது. அதனால் ‘இது இந்த நேரத்தில் நீக்கப்பட்டது’ என்று நேர முத்திரையோடு புதிய பதிவு ஒன்று எழுதப்படும். அதற்குப் பெயர்தான் டூம்ஸ்டோன்.

ஏன் இந்தச் சுற்று வழி? ஒரு வாடிக்கையாளரின் முகவரி மூன்று நோடுகளில், அதாவது தரவுத்தளத்தின் மூன்று கணினிகளில், நகலாக இருக்கிறது. நீக்கும் நேரத்தில் ஒரு நோட் படுத்துவிட்டது. மற்ற இரண்டும் சுவடே இல்லாமல் அழித்திருந்தால், மூன்றாவது எழுந்து வந்ததும் அதனிடம் இருப்பதைப் புதுத் தரவு என்று நம்பி நகலெடுத்துக்கொள்ளும். நீக்கிய முகவரி திரும்ப வந்துவிடும். இதைத்தான் ஸோம்பி தரவு என்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்குக் கல்லறைக் கல் என்று பொருள். 1987-ல் ஸெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தினர் இதே உத்தியை ‘இறப்புச் சான்றிதழ்’ என்று அழைத்தார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது: தேதி போட்ட ஆவணம், ஒவ்வொரு நகலிடமும் காட்ட வேண்டியது.

தமிழில் நடுகல் என்று சொல்லலாமா? வேண்டாம். அது போரில் விழுந்த வீரனைப் போற்றி நடுவது, நிலைத்து நிற்க வேண்டியது. இதுவோ ஒருநாள் போயாக வேண்டும். அழிப்புக்குறி என்றால், அழித்ததற்கான குறியா, குறியையே அழிப்பதா என்று குழப்பம் வரும். நீக்கக்குறி என்பதே தெளிவு. அதை அகற்றும் வேலையை நீக்கக்குறி களைதல் எனலாம்.

களைவதற்கு ஒரு கெடு உண்டு. கசாண்ட்ராவில் இயல்பாக 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அது கடந்தபின், கோப்புகளை ஒன்றிணைக்கும் காம்பாக்‌ஷனின்போது குறி உதிரும். அந்தக் கெடுவுக்குள் எல்லா நோடுகளிலும் ரிப்பேர், அதாவது நகல்களை ஒப்பிட்டு ஒன்றுபோல ஆக்கும் வேலை, முடிந்திருக்க வேண்டும். அதோடு, குறி மறைத்துவைத்திருக்கும் பழைய தரவு இந்த இணைப்பில் சேராத வேறு கோப்பில் கிடந்தால், கெடு தாண்டியும் குறி போகாது.

களையாமல் சேர்ந்துகொண்டே போனாலும் தொல்லைதான். ஒரே வினவல் 1,000 குறிகளைத் தாண்டிப் படித்தால் லாகில் எச்சரிக்கை விழும். 1,00,000 தாண்டினால் வினவலே நிறுத்தப்படும். வேலைகளை க்யூவில் நிறுத்திவைத்து, எழுதுவதும் நீக்குவதுமாக இருக்கும் அட்டவணைகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன.

வேகம் குறைந்ததும் சிலர் கெடுவைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறார்கள். ஒற்றை நோட் என்றால் சரி. பல நோடுகள் என்றால், ரிப்பேர் எத்தனை நாளுக்கு ஒருமுறை முடிகிறது என்று பார்த்து, அதைவிடக் கூடுதலாகவே வையுங்கள்.