சைக்கிள் சூப்பர்ஹைவே: தமிழில் என்ன சொல்லலாம்?

லண்டன் மாநகரப் போக்குவரத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது இந்தச் சொல்தான். அகராதியைப் புரட்டி ‘மிதிவண்டி அதிவேக நெடுஞ்சாலை’ என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் படிப்பவர் மனதில் எழும் படம் முழுக்கத் தவறு. அங்கே வேகமும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை.

சொல்லின் பொருள் இவ்வளவுதான்: புறநகரிலிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளிலேயே நேராகப் போய்ச் சேர்வதற்கு, பொதுப் பணத்தில் அமைத்து எண்ணிட்ட வழி. 2008-இல் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன் திட்டத்தை அறிவித்தார். அந்த ஆண்டே தேர்தலில் போரிஸ் ஜான்சனிடம் தோற்றார். 2010 ஜூலையில் முதல் இரண்டு வழிகளைத் திறந்தது ஜான்சன்தான். கிழக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. அவற்றின் முழுப்பெயர் ‘பார்க்ளேஸ் சைக்கிள் சூப்பர்ஹைவே’. வாடகை சைக்கிள் திட்டத்துக்கும் இதற்கும் சேர்த்து 2.5 கோடி பவுண்டு தருவதாக பார்க்ளேஸ் வங்கி ஒப்புக்கொண்டிருந்ததால் பெயரில் வங்கியும் ஏறிக்கொண்டது. சாலையில் பூசிய நீலமும் வங்கியின் நீலத்தோடு ஒத்துப்போனது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். சைக்கிளின் வேர் கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’. வட்டம், சக்கரம் என்று பொருள். வடமொழியின் ‘சக்ர’வும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆகவே நாம் பேச்சில் சொல்லும் சைக்கிளும், இலங்கைத் தமிழர் எழுதும் துவிச்சக்கர வண்டியில் இருக்கும் சக்கரமும் தூரத்து உறவினர்கள். ‘ஹைவே’யில் உள்ள ‘ஹை’ உயரத்தைக் குறிக்கவில்லை. முதன்மையான வழி என்பதே அங்கே பொருள். ஆங்கிலேயச் சட்டத்தில் ‘ஹைவே’ என்றால் பொதுமக்கள் தடையின்றிப் போய்வர உரிமையுள்ள எந்த வழியும்தான். வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைக்குக்கூட அந்தத் தகுதி உண்டு. ‘சூப்பர்ஹைவே’ மட்டும் அமெரிக்கச் சரக்கு. பெரிய மோட்டார் சாலைகளுக்காக 1920-களில் புழக்கத்துக்கு வந்தது. மோட்டாருக்குப் பிறந்த பெயரைச் சைக்கிளுக்குச் சூட்டியதில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது: கார்களுக்குக் கொடுக்கும் மரியாதையும் பணமும் இவர்களுக்கும் உண்டு என்று அறிவிப்பது.

பெயர் வந்துவிட்டது. பணம் எதற்குப் போனது?

பெரும்பாலும் பெயின்டுக்கு. 2011-இல் திறந்த இரண்டாம் எண் வழி போ என்ற பகுதியிலிருந்து ஆல்ட்கேட் வரை, கிழக்கு லண்டனின் நெரிசலான பெருஞ்சாலையில் போனது. சாலையின் இடது ஓரத்தில் ஒரு நீலப் பட்டை. அவ்வளவுதான். பஸ் நிறுத்தம் வந்தால் பஸ்ஸைச் சுற்றி நடுச்சாலைக்குப் போக வேண்டும். பட்டைக்கும் பக்கத்தில் வரும் லாரிக்கும் நடுவே எதுவும் கிடையாது. போ ரவுண்டானாவில் லாரிகள் இடது பக்கம் திரும்புகிற இடத்திலேதான் சைக்கிள்களும் இடது ஓரமாக நிற்கும்படி ஆனது. அந்த ரவுண்டானாவில் 2011 அக்டோபரில் ஒருவரும் நவம்பரில் ஒருவரும் லாரி மோதி இறந்தார்கள். 2013-இல் இறப்பு விசாரணை அதிகாரி தன் அறிக்கையில், இந்த நீலப் பட்டை ஓட்டுகிறவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றவைக்கிறது என்று எச்சரித்தார். அந்த 2013 நவம்பரில் இரண்டே வாரங்களில் லண்டன் தெருக்களில் ஆறு சைக்கிள்காரர்கள் இறந்துபோனார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு சொற்கள் வருகின்றன: சைக்கிள் லேன், சைக்கிள் டிராக். பிரிட்டனில் இரண்டும் வேறு வேறு. லேன் என்பது வண்டிகள் ஓடும் அதே சாலையில் கோடு போட்டு ஒதுக்கிய பகுதி. தொடர்கோடு என்றால் மற்ற வண்டிகள் உள்ளே வரக் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் அது வெறும் அறிவுரை. டிராக் என்பது வண்டிச் சாலையிலிருந்து பிரிந்த தனி வழி. ஓரக்கல்லோ, உயர்த்திய தளமோ, புல்வெளியோ நடுவில் இருக்கும். 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே அதற்கு வரையறை தருகிறது. பழைய ஆங்கிலத்தில் லேன் என்றால் இரு பக்கமும் வேலியோ கரையோ அணைத்த குறுகலான வழி, நம் சந்து மாதிரி. வேலி போய் இன்று கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது.

தமிழில் இரண்டையும் ‘சைக்கிள் பாதை’ என்றே எழுதிவிடுகிறோம். எனக்கு இதில்தான் உண்மையான கவலை. கோடு போட ஒரு பெயின்ட் லாரியும் ஓர் இரவும் போதும். தனி வழி கட்ட வேண்டுமென்றால் மழைநீர் வடிகாலை நகர்த்த வேண்டும், சிக்னல்களை மாற்ற வேண்டும், பஸ் நிறுத்தத்தை வழிக்கு அந்தப் பக்கம் ஒரு தீவாக அமைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்களிடமிருந்து ஒரு வழியை எடுக்க வேண்டும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ‘இத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை’ என்று ஒரு நிதிநிலை அறிக்கை சொன்னால், இரண்டில் எது கிடைக்கப்போகிறது என்று வரி கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

லண்டன் அந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 2013 மார்ச்சில் ஜான்சன் சைக்கிளுக்காகப் பத்தாண்டுகளில் 91.3 கோடி பவுண்டு செலவிடும் திட்டத்தை வெளியிட்டார். அதில் தேம்ஸ் கரையோரம் போகும் கிழக்கு மேற்கு வழி பெரிய சண்டைக்குப் பிறகு 2016 மே மாதம் திறந்தது. கறுப்பு டாக்சி ஓட்டுநர்களின் சங்கம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த வழியைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: விக்டோரியா எம்பாங்க்மென்ட்டில் கார் ஓடிய இடத்தை எடுத்து, ஓரக்கல் கட்டி, போக ஒரு பக்கமும் வர ஒரு பக்கமுமாகப் பிரித்திருக்கிறார்கள். சைக்கிளுக்கென்று தனி சிக்னல், சின்னச் சின்ன சைக்கிள் உருவத்தோடு எரிகிறது. நீலப் பெயின்ட் அங்கே கிடையாது. அதே ஆண்டில் போ – ஆல்ட்கேட் வழியையும் பெரும்பகுதி தடுப்புக் கட்டி மாற்றினார்கள். அந்த மே மாதம் மேயரான சாதிக் கான் ஐந்தாண்டுகளுக்கு 77 கோடி பவுண்டு ஒதுக்கினார். தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 17 பவுண்டு.

அப்புறம் 2020 ஜூலையில் மத்திய அரசின் போக்குவரத்துத் துறை இங்கிலாந்து முழுமைக்குமாக வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி ஒன்று வந்தது. பேருக்கு அழகு செய்யும், பயனில்லாத வேலைகளுக்குச் சைக்கிள், நடைக்கான நிதியிலிருந்து பணம் கிடையாது என்று அது எழுத்தில் வைத்தது. பெயின்ட் மட்டும் பூசிவிட்டு உள்ளாட்சிகள் அரசிடம் கை நீட்டுவதற்கு அதோடு வழி அடைபட்டது. எனக்குத் தெரிந்து சொல் வரையறையும் நிதி வரையறையும் இவ்வளவு நேராகக் கைகோத்த இடம் வேறில்லை.

‘சாலை வரி கட்டாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு பணம்’ என்ற கேள்வி லண்டனிலும் ஓயாமல் வரும். பிரிட்டனில் வண்டி வரியைச் சாலைக்கென்றே சேர்த்த சாலை நிதி 1920-இல் தொடங்கியது; 1937-இலேயே அந்த நேரடித் தொடர்பு அறுந்துபோனது. இன்று லண்டன் தெருக்களுக்கான பணம் பொது வரியிலிருந்தும், வீட்டுக்கு வீடு கட்டும் உள்ளாட்சி வரியிலிருந்தும், ரயில் பஸ் கட்டணத்திலிருந்தும், 2003 முதல் நகர மையத்தில் வசூலாகும் நெரிசல் கட்டணத்திலிருந்தும் வருகிறது. சைக்கிள்காரரும் இவற்றில் பங்கு கட்டியவர்தான்.

சூப்பர்ஹைவே என்ற பெயரை லண்டன் பிறகு கைவிட்டது. 2018 இறுதியில் எல்லா வழிக்கும் ‘சைக்கிள்வே’ என்ற ஒரே பெயரை அறிவித்து, படிப்படியாக மாற்றியது. பழைய பெயர்ப்பலகைகள் சில காலம் இருந்தன. கோபன்ஹேகனைச் சுற்றிய ஊர்கள் சேர்ந்து 2012 முதல் அமைத்துவரும் ‘சூப்பர்சைக்கல்ஸ்டி’ இன்னும் அந்த ‘சூப்பரை’ வைத்திருக்கிறது. டேனிஷ் மொழியில் ‘ஸ்டி’ என்றால் வெறும் பாதை.

சரி, தமிழுக்கு வருவோம். சைக்கிளுக்கு மிதிவண்டி இருக்கிறது. அரசின் ‘விலையில்லா மிதிவண்டி’ திட்டத்தால் பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்த சொல். ஈருருளி என்றும் சிலர் எழுதுகிறார்கள். ‘சூப்பர்ஹைவே’க்கு நான் பரிந்துரைப்பது பெருவழி. இது நேற்று உருவாக்கிய சொல் இல்லை. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் நோக்கிப் போகும் பாதையில் உள்ள கல்வெட்டு இராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்கிறது. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று தூரம் காட்டுகிறது. ஊரையும் ஊரையும் இணைத்து, பெயரிட்டு, தூரக்கல் நட்டு, ஓர் அரசு பொறுப்பேற்றுப் பேணிய வழி. லண்டன்காரர்கள் செய்ய நினைத்ததும் அதுவே. ‘அதிவேக’ என்ற ஒட்டு வேண்டவே வேண்டாம்.

லேனுக்கு மிதிவண்டித் தடம் போதும். தடம் என்றால் பதிந்த அடையாளம், போகும் வழி இரண்டும்தான். சாலை மேல் போட்ட கோட்டுக்குப் பொருந்தும். ‘நான்கு வழிச்சாலை’யில் வழி என்பதே லேன்தான் என்றாலும், அதை இங்கே கொண்டுவந்தால் பெருவழியோடு குழம்பும். டிராக்குக்கு மிதிவண்டித் தனிப்பாதை. ‘தனி’யை விட்டுவிட்டால் மறுபடியும் பழைய குழப்பம்தான்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று சொன்னது. அந்தப் பணத்தைப் பற்றி எழுதும்போது ‘சாலையோரத்தில் மிதிவண்டித் தடம் வரையப்பட்டது’, ‘ஓரக்கல் கட்டி மிதிவண்டித் தனிப்பாதை அமைக்கப்பட்டது’ என்று பிரித்தே எழுதலாம். ஒற்று மிகும் என்பதை மறக்க வேண்டாம்: மிதிவண்டித் தடம், மிதிவண்டித் தனிப்பாதை, மிதிவண்டிப் பெருவழி. சைக்கிள் என்றே எழுத விரும்புகிறவர்கள் சைக்கிள் தடம், சைக்கிள் தனிப்பாதை, சைக்கிள் பெருவழி என்று ஒற்றில்லாமல் எழுதட்டும். முன்சொல் அவரவர் விருப்பம்; பின்சொல்லில் ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட்டுவிடக் கூடாது.