புயல் வருவதற்குள் படகுக்கும் கடலோர வீட்டுக்கும் செய்ய வேண்டியவை

புயலில் சேதமான படகுகளை ஆய்வு செய்து அறிக்கை தருவது என் தொழில். கரையில் தூக்கி வீசப்பட்ட ஒரு படகின் பக்கத்தில் போய் நின்றால், நான் முதலில் தேடுவது ஓட்டையை அல்ல, அந்தப் படகைக் கட்டியிருந்த கயிற்றின் நுனியை. நுனி பஞ்சு பஞ்சாகத் தேய்ந்திருந்தால், ஏதோ ஒரு விளிம்பில் இரவு முழுக்க உரசி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கயிறு முழுசாக இருந்து, அதைக் கட்டியிருந்த இரும்பு முளை போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், அந்த முளைக்கு அடியில் அகலமான தகடு வைக்காமல் வெறும் ஃபைபரிலேயே முடுக்கியிருக்கிறார்கள். உடம்பு திடமாக இருந்தும் இப்படிச் சின்ன இடத்தில் தோற்றுப்போன படகுகளே நான் பார்த்தவற்றில் அதிகம். இவையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும்போதே சரிசெய்திருக்கக்கூடியவை.

“போன புயலையே தாங்கிச்சே” என்று பலர் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரிவராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கட்டு, 120 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு இழுப்பைச் சந்திக்கும்.

படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வழியிருந்தால் எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் இதற்கு இணையான பாதுகாப்பு வேறு இல்லை. ஆனால் மணலில் ஏற்றிவிட்டாலே போதும் என்று நினைக்கக் கூடாது. புயல் கரையை நெருங்கும்போது கடல்மட்டமே உயர்ந்து வரும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அது சிறு பங்குதான். பெரும் பங்கு, காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிப்பதால் வருவது. ஆழம் குறைவாக, மெதுவாகச் சரியும் கடற்கரைகளில் இது பல மீட்டர் வரை போகும். ஏற்றநீர் நேரத்தோடு சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். அதனால் கரையேற்றிய படகையும் நிலத்தில் ஆழமாக இறக்கிய முளைகளில் கட்டுங்கள். மழைநீர் வடிய அடிப்பக்கத் திருகு மூடியைக் கழற்றி வையுங்கள். சின்னப் படகு என்றால் கவிழ்த்துப் போட்டுக் கட்டுவது நல்லது.

எடுக்க முடியாத படகுகளுக்குத்தான் கயிற்று வேலை. துறையோடு ஒட்டி, குட்டையான கயிற்றில் இறுக்கிக் கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நீர் உயரும்போது குட்டைக் கயிறு படகின் ஒரு பக்கத்தை அமுக்கும், இல்லையென்றால் படகு துறையின் மேலேயே ஏறி உட்காரும். துறையிலிருந்து தள்ளி நிறுத்தி, தூரத்திலுள்ள உறுதியான இடங்களுக்கு நீளமான கயிறுகளை எல்லாத் திசையிலும், முடிந்தால் இரட்டையாக, கட்ட வேண்டும். ஏன் எல்லாத் திசையிலும் என்றால், புயலின் மையம் உங்கள் ஊர் வழியாகப் போனால் காற்று கொஞ்ச நேரம் அடங்கிவிட்டு அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். முதல் காற்றை மட்டும் நினைத்துக் கட்டிய படகுகள் அந்த இரண்டாம் காற்றில்தான் போகின்றன. நடுவில் வரும் அந்த அமைதியை நம்பிக் கயிற்றைச் சரிசெய்ய யாரும் இறங்க வேண்டாம்.

கயிறு நைலானாக இருந்தால் நல்லது. அது நீண்டு கொடுத்து அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் குறையும் என்பதால், வழக்கமாகப் பயன்படுத்துவதைவிடத் தடிமனாக எடுங்கள். பல நாள் வெயிலில் கிடந்து நிறம் வெளுத்த கயிறு, பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். கயிறு படகின் விளிம்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் பழைய ஹோஸ் குழாயை வெட்டி உறையாக மாட்டி, அது நகராதபடி இரு முனையிலும் சிறு கயிற்றால் கட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலை காப்பாற்றிய படகுகள் நிறைய.

நங்கூரத்தில் நிறுத்துபவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஆழம் 4 மீட்டர், நீருக்கு மேல் படகின் முன்பக்க உயரம் 1 மீட்டர். மொத்தம் 5. புயலுக்கு அதைப் போல பத்து மடங்கு, அதாவது 50 மீட்டர் கயிறு விடுகிறீர்கள். நீர்மட்டம் 3 மீட்டர் உயர்ந்தால் மொத்தம் 8 ஆகிவிடும். அதே 50 மீட்டர் இப்போது ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான். இழுப்பு மேல்நோக்கித் திரும்பும், நங்கூரம் பிடியை விடும். ஆகவே உயரப் போகும் நீரையும் சேர்த்தே அளந்து கயிறு விடுங்கள். நங்கூரத்துக்குப் பக்கத்தில் சில மீட்டர் கனமான சங்கிலி இருக்கட்டும். இழுப்பைத் தரையோடு கிடையாக வைத்திருக்க அது உதவும்.

கூரைத் துணி, பாய்மரத்துப் பாய், வலை, மீன்பெட்டி, கொடிக்கம்பம் எல்லாம் இறங்க வேண்டும். பாயைச் சுருட்டிக் கட்டினால் போதாது, கழற்றியே எடுக்க வேண்டும். அடுத்தது மழை. படகின் திறந்த பரப்பு 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று டன் தண்ணீர் உள்ளே விழும். வடிகால் துளையில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருந்தாலே மூழ்க அது போதும். தானியங்கிப் பம்பு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கரை மின்சாரம் போனபின் அது பேட்டரி தாங்கும் வரைதான் ஓடும். மழைநீர் வடியும் துளைகளைத் திறந்து சுத்தமாக வைத்து, மற்றபடி கடல்நீர் வரும் வால்வுகளை மூடிவிடுங்கள், புகைக்குழாயையும் அடைத்துவிடுங்கள்.

கட்டியாயிற்று என்றால் இறங்கி வந்துவிட வேண்டும். படகில் தங்கிக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தங்காதீர்கள். அந்தக் காற்றில் நிற்கவும் முடியாது, கண்ணைத் திறக்கவும் முடியாது. நீங்கள் அங்கே இருப்பதால் ஒரு கயிறுகூடக் கூடுதலாகத் தாங்காது.

வீட்டுக்கு வருவோம். கூரை பறப்பது பெரும்பாலும் கதவிலோ ஜன்னலிலோ தொடங்குகிறது. காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் நல்ல கூரையும் கிளம்பிவிடும். கண்ணாடியில் டேப் ஒட்டுவது இதைத் தடுக்காது. ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பதும் தவறு, அது காற்றைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுதான். 16 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட்டை ஜன்னல் அளவுக்கு முன்கூட்டியே வெட்டி, துளை போட்டு, எது எந்த ஜன்னலுக்கு என்று எழுதி வையுங்கள். காற்று எழுந்தபின் அந்தப் பலகையைத் தூக்கிப் பிடிக்கவே முடியாது. தகரக் கூரையில் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம், அங்குள்ள திருகுகளை முதலில் பாருங்கள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறக்கும். நிறைந்த தொட்டி நிற்கும், பின்னால் உதவவும் செய்யும். மரக்கிளைகளைக் கழிப்பதானால் சில நாள் முன்பே கழித்து அப்புறப்படுத்துங்கள். கடைசி நாளில் வெட்டிப் போட்ட கிளை காற்றில் எறிகருவி. கேஸ் சிலிண்டரை மூடி, மிதக்காதபடி நிமிர்த்திக் கட்டுங்கள். படகு, எஞ்சின், வீடு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வெளியூரில் இருக்கும் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். காப்பீட்டு ஆய்வுக்கு நான் போகும்போது இந்தப் படங்கள் இருந்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.

வெளியேறச் சொன்னால் அன்று பகலிலேயே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். 15 சென்டிமீட்டர் ஓடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும்.

திரும்பி வந்தபின் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராண்டாவிலோ ஓட்டவே கூடாது. ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். மூழ்கிய எஞ்சினை ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுழன்றால் உள்பாகங்கள் வளைந்துவிடும். வெளியே எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உள்ளிருக்கும் நீரை வடித்து, அன்றே மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள். உப்புநீர் பட்ட உலோகம் காற்றுப் பட்டதுமே அரிக்கத் தொடங்கிவிடும். மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகுமென்றால், அதுவரை எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கியே வைத்திருங்கள்.