விரலிடுக்கில் நெரிபடும் நரம்பு

நடந்துகொண்டிருக்கும்போது ஷூவுக்குள் சின்னக் கல் புகுந்துவிட்டது போலிருக்கும். நின்று, கழற்றி, உதறிப் பார்த்தால் ஒன்றும் விழாது. மறுபடி போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தால் அதே இடத்தில் சுரீரென்று வலிக்கும். சில நேரம் அந்த வலி விரல் நுனிவரை பாயும், அப்புறம் அந்த விரல்கள் மரத்துப்போகும். ஷூவைக் கழற்றிவிட்டு பாதத்தைக் கொஞ்சம் பிடித்துவிட்டால் அடங்கிவிடும். இதற்கு மார்ட்டன் நியூரோமா என்று பெயர்.

1876-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் விக்டோரியா மகாராணியின் பாத மருத்துவராக இருந்த லூயிஸ் டர்லாக்கர் 1845-லேயே இந்த வலியை விவரித்திருக்கிறார். நியூரோமா என்றால் நரம்புக் கட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும் புற்றுநோயோ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், இது உண்மையில் கட்டியே அல்ல. ஓயாமல் நசுங்கிய நரம்பைச் சுற்றித் தழும்பு போல நார் படிந்து அது தடித்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நசுங்குவது எப்படி? உள்ளங்காலில் விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஐந்து நீண்ட எலும்புகளின் தலைகள் வரிசையாக இருக்கின்றன. அவை விலகிப்போகாமல் ஒரு குறுக்கு நார்ப்பட்டை கட்டி வைத்திருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்புகள் இந்தப் பட்டைக்கு அடியில்தான் நுழைந்து செல்கின்றன. ஒவ்வொரு எட்டிலும் குதிகால் மேலே எழும்பும்போது விரல்கள் மடங்கும். அப்போது நரம்பு இழுபட்டு, பட்டையின் விளிம்பில் அழுந்தும். ஹை ஹீல்ஸ் போட்டால் பாதம் எந்நேரமும் அந்த நிலையிலேயே நிற்கிறது. முனை குறுகிய ஷூவாக இருந்தால் எலும்புகளும் பக்கவாட்டில் நெருக்கும். தடித்த நரம்புக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும், கிடைப்பதோ அதே இடுக்கு. அதனால் மேலும் நசுங்கி மேலும் தடிக்கிறது. பெருவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில்தான் இது அதிகம் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

நம் வீடுகளில் கால் எரிகிறது என்றாலே "சுகர் பார்த்தாயா?" என்பதுதான் முதல் கேள்வி. பார்க்க வேண்டியதுதான். ஆனால் சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும், படுத்திருக்கும்போதும் எரியும். இதுவோ பெரும்பாலும் ஒரே காலில், ஒரே இடுக்கில், நடந்தால் வலிக்கும். மருத்துவர் முன்பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பார்ப்பார். 'க்ளிக்' என்று நரம்பு நழுவுவது கைக்குத் தெரிந்தால் அது முக்கியமான தடயம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அது.

சிகிச்சை என்பது, ஒரு வகையில், நரம்புக்கு இடம் விடுவதுதான். முன்பக்கம் அகன்ற, குதி உயரம் குறைந்த, அடிப்பாகம் தடித்த ஷூ அல்லது செருப்புக்கு மாறினாலே பலருக்கு வலி குறைகிறது. அதோடு ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன மெத்தைத் துண்டு (பேட்) வைப்பார்கள். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வலிக்கிற இடத்துக்கு நேர் அடியில் அதை வைக்கக் கூடாது. வைத்தால் வலி கூடும். எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். அப்போது எலும்புகள் லேசாகத் தூக்கப்பட்டு விலகும், நடுவில் நரம்பு மூச்சுவிடும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

அதிலும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. சிலருக்கு நீண்ட நிம்மதி தருகிறது, சிலருக்குச் சில மாதங்கள்தான். திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை மெலிந்துவிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை கடைசி வழி. நார்ப்பட்டையை மட்டும் வெட்டி இடம் விடலாம், அல்லது தடித்த நரம்புத் துண்டையே எடுத்துவிடலாம். எடுத்தால் அந்த இரண்டு விரல்களின் இடுக்கில் உணர்ச்சி நிரந்தரமாகக் குறைந்துபோகும். பெரும்பாலோர் அதற்குப் பழகிவிடுகிறார்கள். வெட்டிய முனையில் மறுபடி வலிமிகுந்த முடிச்சு வளர்வதும் சிலருக்கு நேர்கிறது. இதைச் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம், வழக்கமான ஷூவுக்குத் திரும்ப இன்னும் சில வாரம். வீக்கம் முழுதாக வடிய மாதங்கள்கூட ஆகலாம். 'சரியாகவில்லையோ' என்று அந்த நாட்களில் மனம் சோர்ந்துபோகும், ஆனால் அந்த வீக்கம் எதிர்பார்க்க வேண்டியதே.

ஷூ வாங்கப் போகும்போது மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஷூவுக்குள் பாதம் பதியும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரல்கள் அட்டையைத் தாண்டி வெளியே வழிந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த ஜோடியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.