மறதி நோய்க்கு 'உலோகம் எடுக்கும்' டிரிப்ஸ் வேண்டாம்

செங்கோட்டையில் நரம்பியல் மருத்துவம் பார்க்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும் மறதி நோயாளிகளை அழைத்து வருகிறார்கள். கூட வரும் பிள்ளைகள் சமீபமாக அடிக்கடி கேட்பது இது: "அம்மாவுக்கு மூளையில உலோகம் சேர்ந்திருக்காம்ல சார், டிரிப்ஸ் போட்டு எடுத்திரலாமா?"

பாதி உண்மை என்பதால்தான் இந்தக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது. மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் வந்த மூளையில் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டு திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். அந்தத் திட்டுகளில் செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றுமே அதிகம். ஆனால் அவை சமையல் பாத்திரத்திலிருந்து வந்தவை அல்ல. நரம்பு செல்கள் சந்திக்கும் இடங்களில் துத்தநாகமும் செம்பும் வெளிவருவது மூளையின் அன்றாட வேலை.

அந்தப் புரதத் துண்டு பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானத் துணுக்குகள்) கோத்த சங்கிலி. தனியாக மிதக்கும்போது அதற்கு நிலையான வடிவம் கிடையாது. 6, 13, 14ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உலோக அயனி முக்கியமாக அங்கேதான் ஒட்டுகிறது. துத்தநாகம் ஒட்டினால் துண்டுகள் சட்டென்று ஒழுங்கில்லாத கட்டிகளாகத் திரளும். செம்பு அப்படி ஒரே மாதிரி நடக்காது. அதன் அளவையும் அமிலத்தன்மையையும் பொறுத்துச் சில நேரம் திரட்டும், சில நேரம் துண்டுகள் நீண்ட நாராகச் சேர்வதைத் தாமதப்படுத்தும். தாமதம் நல்லது என்று நினைக்க வேண்டாம். கரைந்து திரியும் சின்னத் திரள்கள்தான் நரம்பு இணைப்புகளை அதிகம் கெடுப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. போதாததற்குச் செம்பு, செல்களைக் கெடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். எலியின் மூளையில் உள்ள இதே புரதத் துண்டில் 13ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆர்ஜினைன் என்ற வேறு அமினோ அமிலம்; எலிக்கு இயற்கையாக இந்தத் திட்டுகள் வருவதில்லை. வேறு மாற்றங்களும் அதில் உண்டு, ஆனாலும் இந்த ஓர் இடம் யோசிக்க வைக்கிறது.

சரி, உலோகத்தை எடுத்துவிட்டால்? முயன்று பார்த்திருக்கிறார்கள். இரும்பைப் பிடிக்கும் டெஃபெரிப்ரோன் மருந்தை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வில் நினைவாற்றல் இன்னும் வேகமாகச் சரிந்தது. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தான இடிடிஏ (EDTA) டிரிப்ஸைத் தவறாக ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி உயிரே போகலாம். மறதிக்காக அதை யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

அலுமினியப் பானையால்தான் மறதி வந்தது என்பதும் நிரூபணமாகவில்லை. அம்மாவுக்கு அதில் சமைத்துப் போட்டோமே என்று மருமகள்கள் அழுவதைப் பார்க்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை.

மறதி என்றால் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் சோதித்துப் பாருங்கள். காது கேட்கிறதா என்று சோதியுங்கள். அப்புறம், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், துத்தநாக மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். துத்தநாகம் நீண்ட நாள் அளவு மீறினால் உடலில் செம்பு குறைந்து முதுகுத்தண்டு நரம்பும் பாதிக்கப்படும்.