28 ஆண்டு, 10 மீட்டர்: பழைய ரோடு சைக்கிளின் கணக்கு

1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரம் தன்னந்தனியாக ஓட்டத்தளத்தைச் சுற்றினார். நேரம் முடிந்தபோது கடந்திருந்த தூரம் 49.431 கிலோமீட்டர், உலக சாதனை. அவருக்குக் கீழே இருந்தது எர்னெஸ்டோ கொல்னாகோ செய்து கொடுத்த எஃகுச் சைக்கிள். மெல்லிய வட்டக் குழாய்கள், வளைந்த ஹேண்டில்பார், ஸ்போக்ஸ் போட்ட சாதாரணச் சக்கரங்கள். எடை 6 கிலோவுக்கும் குறைவு.

1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் மான்செஸ்டரில் அதே ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போனார். இரு கைகளையும் முன்னால் நீட்டி, பறப்பவரைப் போலப் படுத்து ஓட்டினார். இதன் பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம், மெர்க்ஸ் ஓட்டியது போன்ற சைக்கிளில்தான் இந்தச் சாதனையை முயல வேண்டும் என்று விதியை மாற்றியது. 2000 அக்டோபர் 27 அன்று போர்ட்மேன் அப்படிப்பட்ட சைக்கிளில் ஏறினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட 10 மீட்டர் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழு நியாயம் ஆகாது. மெக்சிகோ சிட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போர்ட்மேனுக்கும் இடையில் நாலு வயது கூடியிருந்தது. ஆனாலும் ஒரே மனிதரின் கால்களிலிருந்து கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் காணாமல் போயிற்று என்றால், அது எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியாது. பழைய ரோடு சைக்கிள்களைப் பிரித்து ஓவராயில் செய்து ஓட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். புதியதற்கு அது எவ்வளவு பின்தங்கும் என்று யார் கேட்டாலும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

பதில் காற்றில் இருக்கிறது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. காற்றைத் தள்ள மட்டும் அவர் ஏறத்தாழ 120 வாட் செலவிடுகிறார். டயர் உருள்வதற்கு 35 வாட் போகிறது. செயினிலும் பேரிங்கிலும் வீணாவது சில வாட்கள்தான். நன்றாக எண்ணெய் போட்ட செயின், பழையதோ புதியதோ, கொடுத்த சக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்றுக்கான செலவு வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் செலவு எட்டு மடங்கு. இந்தக் காற்றுத் தடையில் முக்கால் பங்குக்கு மேலோ கீழோ ஓட்டுபவரின் உடம்பே. எஃகுக் குழாயின் வட்ட வடிவம், வெளியே தெரியும் பிரேக் கேபிள், 36 ஸ்போக்ஸ் எல்லாம் மீதியைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1996க்கும் 2000க்கும் இடையில் முக்கியமாக மாறியது போர்ட்மேன் உட்கார்ந்த விதம். பழைய சைக்கிளில் முழங்கையை மடக்கி, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் கிடைக்கும் லாபம், விலை உயர்ந்த புது ஃபிரேம் தருவதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

சரி, எடை? 1970களின் நல்ல ரோடு சைக்கிள் 10 கிலோவை ஒட்டி இருக்கும், இன்றைய கார்பன் சைக்கிள் 7 கிலோவை ஒட்டி. 3 கிலோ வித்தியாசம் கையில் தூக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் மலை ஏறும்போது சைக்கிளோடு நம்மையும் சேர்த்துத்தான் தூக்குகிறோம். 85 கிலோவில் 3 கிலோ என்பது சுமார் மூன்றரை சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம். பந்தயத்தில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு தடவை நின்று தண்ணீர் குடிக்கும் நேரம்.

ஏற்றத்தில் பழைய சைக்கிள் கால்களை வாட்டுவது எடையால் இல்லை, பற்களால். அன்றைய பந்தயச் சைக்கிளில் முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்துக்கு 42 பற்கள், பின்னால் பெரியதற்கு 24 பற்கள் என்பது சாதாரணம். அந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் 13 கிலோமீட்டர் வேகம் நம்மில் பலரால் முடியாது. அதனால் சுற்று 40க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிடிக்கும். இன்றைய சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 34 கிடைக்கிறது. அதே 60 சுற்றில் 7.6 கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். பழைய சைக்கிளை மலைக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எடையைக் குறைப்பதில் ஒரு காசும் போடாதீர்கள், பின்னால் பெரிய ஃப்ரீவீல், அதாவது அதிகப் பற்கள் உள்ள பல்சக்கரத் தொகுதி, மாட்டுங்கள். கியர் மாற்றும் பொறியின் கை நீளம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃகு ஃபிரேம் மெத்தென்று இருக்கும் என்ற பேச்சை எல்லா இடத்திலும் கேட்கலாம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சைக்கிள் ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் தன் தளத்துக்குள் அழுத்தினால் வளையாது. பாலங்களிலும் கூரைகளிலும் அதை வைப்பது அதனால்தான். மேலிருந்து கீழாக ஃபிரேம் கொடுக்கும் நெகிழ்வு டயர் கொடுப்பதற்குப் பக்கத்தில் கூட வராது. ஃபிரேம் வளைவது பக்கவாட்டிலும் முறுக்கத்திலும்.

அங்கேதான் உலோகங்களின் உண்மையான வேறுபாடு வருகிறது. எஃகின் விறைப்பு எண் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, டைட்டானியத்துக்கு 110. அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இறங்குகிறது: 7.85, 2.7, 4.5. வகுத்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய 25 என்றே வரும். அதாவது ஒரே எடைக்கு மூன்றும் ஒரே விறைப்பு. அப்படியானால் அலுமினிய ஃபிரேமுக்கு விறைப்பு எங்கிருந்து வந்தது? குழாயின் பருமனிலிருந்து. மெல்லிய சுவருள்ள குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கி, சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது, விறைப்பு நாலு மடங்காகும். எஃகில் அப்படிச் செய்தால் சுவர் தகர டப்பா அளவுக்கு மெலிந்து, விரல் பட்டாலே நசுங்கும். அலுமினியம் லேசானது என்பதால் பருமனான குழாய்க்கும் போதிய தடிப்பு கொடுக்க முடிகிறது.

எஃகுக் குழாய் செய்தவர்கள் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தில் 1897இல் காப்புரிமை பெற்ற முறையில், குழாயின் வெளி விட்டம் மாறாமல் உள்ளே மட்டும் தடிப்பு மாறும். பற்றவைக்கும் முனைகளில் 0.8 அல்லது 0.9 மி.மீ., நடுவில் 0.5 அல்லது 0.6 மி.மீ. பலம் வேண்டிய இடத்தில் மட்டும் உலோகம். 1935இல் வந்த அவர்களுடைய 531 குழாயும் இப்படிச் செய்யப்பட்டதுதான். நல்ல பழைய ஃபிரேம் கையில் கிடைத்தால் மேல் குழாயை நகத்தால் சுண்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். நடுவில் கணீரென்று ஒலிக்கும். மூட்டை நெருங்க நெருங்க ஒலி மழுங்கும்.

கார்பனின் பலம் வேறு வகை. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் விறைப்பு கிடைக்கும். மிதிக்கும் திசையில் அசையாமலும் சீட்டுக்குக் கீழே கொஞ்சம் நெகிழ்ந்தும் இருக்குமாறு ஒரே ஃபிரேமைச் செய்யலாம். உலோகக் குழாயால் இது முடியாது. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

மெத்தென்ற சவாரி வருவது டயரிலிருந்து, வேகமும் ஓரளவு அதிலிருந்துதான். டயர் உருளும்போது அதன் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. கொடுத்த சக்தி முழுவதும் திரும்புவதில்லை, கொஞ்சம் சூடாகக் கரைகிறது. உருளும் எதிர்ப்பு எண் 0.007 உள்ள தடித்த டயரைக் கழற்றிவிட்டு 0.004 உள்ள மெல்லிய சுவர் டயரை மாட்டினால் 30 கிலோமீட்டர் வேகத்தில் 20 வாட் மிச்சம். காற்றழுத்தம் கல் போல இருந்தால் வேகம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். சொரசொரப்பான சாலையில் அப்படிப்பட்ட டயர் ஒவ்வொரு கல்லிலும் ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது; அந்த அதிர்வு நம் தசைகளில் சூடாகப் போகிறது. அதனால்தான் 21, 23 மி.மீ. டயர்களின் இடத்துக்கு 28, 30 மி.மீ. வந்தன. நல்ல செய்தி என்னவென்றால் இந்த லாபத்தைப் பழைய சைக்கிளிலும் வாங்கலாம், ஃபோர்க்கில் இடம் இருந்தால். பழைய 27 அங்குல ரிம்மின் விளிம்பு விட்டம் 630 மி.மீ., இன்றைய 700சி ரிம்முக்கு 622. ஆரத்தில் 4 மி.மீ. குறையும். பிரேக் கட்டைகள் அந்த 4 மி.மீ. கீழே இறங்கினால் புதுச் சக்கரம் பொருந்திவிடும்.

பிரேக்கில் மட்டும் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம்மும் புதுக் கட்டைகளும் நிலைமையைப் பெரிதும் மாற்றும், ஆனாலும் மழை இறக்கத்தில் டிஸ்க் பிரேக் கொடுக்கும் நிச்சயம் கிடைக்காது.

அப்புறம் பட்டறைக்கு வருவோம். எனக்குக் கடைசியாக வந்த ஃபிரேமில் சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் இறுகிப் போயிருந்தது. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு, இடையில் ஆண்டுக்கணக்கான வியர்வை உப்பு. இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம். அரிபட்டு வரும் வெள்ளைப் பொடி, இருந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இடைவெளி இல்லாத இடத்தில் அது ஆப்பு அடித்தது போல் இறுகிவிடும். நான் அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினேன். இன்னும் இறுகியது. வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பது தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதைத் திருப்பிப் போட்டால் வழி பிறக்கும். தண்டைக் குளிரவைக்க வேண்டும். 27.2 மி.மீ. தண்டையும் குழாயையும் 100 டிகிரி குளிர்வித்தால் இரண்டுக்கும் இடையே 0.03 மி.மீ. இடைவெளி உண்டாகும். தலைமுடியின் தடிப்பில் பாதிதான். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் ஊறவிட்டு, தண்டின் உள்ளே உலர் பனிக்கட்டியைப் போட்டேன். தண்டை வைஸில் பிடித்துக்கொண்டு ஃபிரேமையே நெம்புகோலாகத் திருப்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு தண்டு முறுகி முறுகி வெளியே வந்தது, உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு.

அடுத்த வேலை பின்ஃபோர்க்கை விரிப்பது. ஆறு கியர் காலத்து ஃபிரேமில் சக்கரம் உட்காரும் அகலம் 126 மி.மீ., பின்னாளில் வந்த எட்டு முதல் பதினொரு கியர் சக்கரத்துக்கு 130. பக்கத்துக்கு 2 மி.மீ. எஃகை அத்தனை வளைக்கலாம். கொஞ்சம் வளைத்தால் திரும்பி வந்துவிடும், ஓர் எல்லையைத் தாண்டினால்தான் வளைந்தபடியே நிற்கும். அதனால் 2 மி.மீ. வேண்டும் என்றால் அதைப் போலப் பல மடங்கு இழுத்து விட வேண்டும். இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுத்து. இரு பக்கமும் சமமாக வந்ததா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்பக்கம் ஒரு முனையில் நூலைக் கட்டி, ஹேண்டில்பாரின் தண்டு நுழையும் ஃபிரேமின் முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இடமும் வலமும் ஒரே இடைவெளி இருந்தால் ஃபிரேம் நேர். அலுமினியத்திலும் கார்பனிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது, விரிசல் விடும்.

கோன், கப், பால்ரஸ் குண்டு வைத்த பழைய ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடு உருளையை, பிரித்துக் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டும்போது கோனை முழுக்க இறுக்கிவிடாதீர்கள். நெம்பித் திறக்கும் வகை ஆக்சிலாக இருந்தால் மயிரிழை ஆட்டம் விடுங்கள். நெம்பை மூடியதும் அந்த அழுத்தத்தில் ஆக்சில் சற்றே சுருங்கும், ஆட்டம் தானாக மறையும். சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் வால்வின் எடையே அதைக் கீழே இழுத்து, ஊசல் போல ஆட்டி, மெதுவாக நிறுத்த வேண்டும்.

கடைசியாகப் பெடல். வலது பெடலின் மரை வழக்கமானது, இடது பெடலின் மரை தலைகீழ். அதை இறுக்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் காட்டி மரையை அழித்தவர்கள் ஏராளம். காரணத்தை ஒரு பென்சிலை வைத்தே பார்க்கலாம். இடது கை விரல்களை வளையமாக மடக்கி, பென்சிலை அதற்குள் தளர்வாக நிறுத்துங்கள். வலது கையால் பென்சிலின் மேல்முனையை லேசாகப் பிடித்து, கடிகாரத் திசையில் வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் விரல்களின் உள்சுவரில் உருண்டு, எதிர்த்திசையில் தன்னைத் தானே திருப்பிக்கொள்வது கையில் தெரியும். ஒவ்வொரு மிதியிலும் நம் எடை பெடல் தண்டை அதன் துளைக்குள் இப்படித்தான் உருட்டுகிறது. பேரிங்கின் உரசல் தண்டைக் கழற்றப் பார்க்கும் திசைக்கு இது நேர் எதிர், அதைவிடப் பலமானதும் கூட. இடது மரை தலைகீழாக இருப்பதால்தான் இரண்டு பெடல்களும் ஓட்ட ஓட்ட இறுகுகின்றன.